ஆறு வேளை, சிறு தட்டு

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்று இல்லம் திரும்பியோரைக் காணச் செல்லுங்கால், நிறைந்த தட்டுடன் "இன்னும் ஒரு வாய்" என மன்றாடும் மனைவியரையும், உண்ண இயலாது தலைகுனிந்திருக்கும் கணவர்களையும் நாம் காண்கிறோம். அன்பே அங்கு சுமையாகிவிடுகிறது.

இரைப்பை குறைக்கப்பட்டபின் உணவைத் தேக்கிவைக்க இடமில்லை. இனிப்பு மிகுந்த உணவு விரைந்து குடலில் இறங்கின், படபடப்பும் வியர்வையும் மயக்கமும் உண்டாகும். எனவே மூன்று வேளை உணவை ஆறாகப் பகுத்தளியுங்கள். முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை முதலில் உண்ணட்டும். தண்ணீரை உணவுக்கு இடைப்பட்ட நேரத்தில் பருகட்டும். இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டோர்க்கு வைட்டமின் பி12 வாழ்நாளெல்லாம் தேவை.

பசி மீளப் பல மாதங்கள் ஆகலாம். அதுவரை அருகமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். அவர் உண்ட கவளத்திற்கு மகிழுங்கள். தட்டில் எஞ்சியதைப் பற்றிப் பேசாதிருங்கள்.