இரண்டாம் படி

காணி உறுதி முடிக்க நொத்தாரிசிடம் சென்றவர்கள் கண்டிருப்பர். ஒரே வாசகம் மும்முறை எழுதப்பெறுகின்றது. கையொப்பமும் மும்முறை இடப்பெறுகின்றது. ஒரு படி காணிக்காரரிடம் சேரும். மற்றொன்று நொத்தாரிசின் கட்டிலே தங்கும். இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தைத் தழுவி நடந்துவரும் முறை இது. ஒன்றையே மூன்றாக எழுதுவது வீண் வேலை என்று முணுமுணுப்பாரும் உளர்.

அவ்வீண் வேலையின் அருமையை மன்னார்த் தீவார் 1990இல் அறிந்தனர். அவ்வாண்டிலே தமிழர் பலர் தலைமன்னார்க் கரையிற் படகேறி இராமேசுவரம் சேர்ந்தனர். ஒக்டோபர் மாதத்தில் முஸ்லிம் மக்கள் ஒருசேர வெளியேற்றப்பட்டனர். பெட்டகத்தைத் திறந்து உறுதிகளைத் தேடியெடுக்க அவகாசம் வாய்த்தவர் எத்தனை பேர்? ஆண்டுகள் பல கழித்துத் திரும்பி வந்து, “இஃது எங்கள் வளவு” என்று கூறியவர்க்கு, வேறிடத்தில் இருந்த படியே சாட்சியாயிற்று. அப்படியும் இல்லாதார் அயலவரின் வாய்ச்சொல்லை நாடவேண்டியதாயிற்று.

இன்று பெட்டகத்தின் இடத்தை வன்தட்டு பிடித்துக்கொண்டது. கலியாணப் படங்கள், மாணவரின் ஆய்வேடு, கடைக் கணக்கு யாவும் உள்ளங்கையளவான ஒரு பெட்டிக்குள் அடங்குகின்றன. அதனுள்ளே நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின்மீது, மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லாத உயரத்திலே, படிக்கும் முனை மிதந்து செல்கின்றது. மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தாற் போதும். நம் கரையோரத்து உப்புக் காற்றும் அதற்கு உறவன்று. சுழலும் தட்டு இல்லாத புதுவகைக்கு விழுக்காடு பற்றிய அச்சம் குறைவு. ஆயினும் அதுவும் ஒருநாள் முன்னறிவிப்பின்றி வாய் மூடிவிடும்.

ஆதலின் இரண்டாவது வன்தட்டு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. அதை எங்கே, எப்படி வைப்பது என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். ஒரே கணினிக்குள் இரண்டு தட்டுகளைப் பூட்டி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் உடனே பதியுமாறு செய்வாருளர். ஒரு தட்டுப் பழுதுபட்டால் அது கைகொடுக்கும், உண்மை. ஆனால், கைதவறி ஒரு கோப்பை அழித்தால் இரண்டிலும் அக்கணமே அழியும். இடி விழுந்தாலும் கள்வன் புகுந்தாலும் இரண்டும் ஒன்றாகவே போகும். அதனைக் கண்ணாடி நிழல் எனலாம். படி எனல் பொருந்தாது.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. 2023 ஓகஸ்ட் 26ஆந் திகதி, நம் நாட்டு அரசாங்கத்தின் கணினி மேகத்தைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கிற்று. அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறக்குறைய 5,000 இதிற் சிக்கின. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. தொகுதியைப் பன்னிரண்டு மணி நேரத்தில் மீட்டனர். ஆனால் மே 17 முதல் தாக்குதல் நாள்வரை வந்த மடல்களுக்குப் படி இல்லை. அவை போனவை போனவையே. தென் கொரியாவின் டேஜோன் நகரிலோ, 2025 செப்டெம்பர் 26ஆந் திகதி அரசாங்கத் தரவு நிலையத்திலே தீ மூண்டது. அரசு ஊழியர் தம் கோப்புகளைச் சேமித்த 858 டெராபைற்று அளவான களஞ்சியம் சாம்பலாயிற்று. அளவு மிகப் பெரிது என்பதனால் அதற்கு வேறிடத்திற் படி வைக்கப்படவில்லையாம்! பெரிது என்பதே படியெடுக்கத் தக்க காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதிகாரிகளின் கணக்கு வேறு போலும்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் முதிய அண்ணாவிமாரை நாடிச் சென்று வாசாப்புப் பாடல்களை ஒலிப்பதிவு செய்கின்றீர்கள். கல்லூரியில் நாம் உங்களிடம் முதலிற் கேட்கும் கேள்வி, பதிவு எப்படி இருக்கின்றது என்பதன்று. எத்தனை இடத்தில் இருக்கின்றது என்பதே. ஆய்வேட்டை மறுபடி எழுதலாம். எண்பது வயதுப் பெரியவரின் குரலை மறுபடி பெறுதல் எங்ஙனம்?

செய்முறை எளிது. இரண்டாவது வன்தட்டைக் கணினியோடு எந்நேரமும் பிணைத்து வைக்கவேண்டா, படியெடுத்ததும் கழற்றிவிடுக. பிணைத்தே வைத்தால் தீநிரல் அதனையும் தீண்டும். ஈரம் புகாத டப்பாவில், ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் இடுக. பின்னர் அதனை வீட்டை விட்டு அனுப்புக. வவுனியாவில் தமக்கை இருந்தால் அவரிடம். கொழும்பில் மாமா இருந்தால் அவரிடம். மூன்றாவது ஒன்றும் வாங்க முடியுமானால், விடுமுறைக்கு வருவோர் கையிற் பழையதை வாங்கிப் புதியதைக் கொடுத்தனுப்பலாம். அவ்வாறு வந்த தட்டைத் திறந்து, நாலைந்து கோப்புகளை உண்மையாகவே ஓடவிட்டுப் பார்த்தபின், படியெடுத்த திகதியை அதன் முதுகில் ஒட்டிவிடுக.