விடுதிக்குச் செல்லும் பிள்ளையும் ஜமாஅத்தின் கடமையும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் காலத்தில், நம் இல்லங்களில் ஒரு கேள்வி ஆண்டுதோறும் எழுகின்றது. எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்பவை ஒருவாறு முடிவாகிவிடும். "விடுதியில் விடுவதா?" என்ற இடத்தில்தான் பேச்சு நின்றுவிடும். மகன் என்றால் தொழுகை விடுபட்டுப் போகுமோ, தகாத நட்பு சேருமோ என்ற கவலை. மகள் என்றால் அச்சம் பன்மடங்காகிவிடுகின்றது. அந்த அச்சத்தின் காரணமாக, நல்ல மதிப்பெண்ணுக்குக் கிடைத்த இடத்தைக் கைவிட்டு, வீட்டுக்கு அருகில் கிடைத்த ஏதோ ஒரு பாடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிடுகின்றோம். சில வீடுகளில் படிப்பே அத்துடன் முடிந்துவிடுகின்றது.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட வன்னியம்பட்டியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நமக்கு இக்கேள்வி இரு முகங்கள் கொண்டது. நம் பிள்ளைகள் சென்னை, கோவை, திருச்சி என்று வெளியூர் விடுதிகளுக்குச் செல்கின்றனர். அதே வேளையில் வெளியூர்ப் பிள்ளைகள் நம் வட்டாரத்தைத் தேடி வருகின்றனர். கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம், 2006 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்குகின்றது. இராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும், ராஜூக்கள் கல்லூரியும் உள்ளன. தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரம், தெலங்கானாவிலிருந்தும் மாணவர்கள் இப்பக்கம் வந்து தங்கிப் படிக்கின்றனர். அவர்களுள் நம் சமுதாயப் பிள்ளைகளும் இருக்கின்றனர்.

நாம் அனுப்பிய பிள்ளை அங்கே என்ன உண்டான், எங்கே தொழுதான் என்று எண்ணி உறக்கம் இழக்கின்றோம். நம் ஊருக்கு வந்திருக்கும் பிள்ளையின் அத்தாவும் அம்மாவும் அவ்வாறுதான் உறக்கம் இழந்திருப்பார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? விடுதியில் சேரும் முதலாண்டு மாணவரின் நலன் அவரைப் பெற்றவர்களின் பொறுப்பாக மட்டும் இருந்துவிட முடியாது. அவர் எந்த ஊரில் போய்த் தங்குகின்றாரோ அந்த ஊர் ஜமாஅத்துக்கும் அதில் பங்குண்டு. இதுவே இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது.

திண்ணையில் தொடங்கிய மரபு

இது புதிய கருத்தன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலை ஒட்டிய திண்ணையில், வீடும் உறவும் இன்றி மார்க்கம் கற்க வந்தவர்கள் தங்கியிருந்தனர். திண்ணைத் தோழர்கள் என்று நாம் அவர்களை அழைக்கின்றோம். ஆயிரக்கணக்கான நபிமொழிகளை நமக்கு எடுத்துரைத்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அத்திண்ணையில் பசியோடு கிடந்து கற்றவர்களே.

அவர்களுக்கு உணவு எங்கிருந்து வந்தது? தனியாகச் சமையற்கூடம் ஒன்றும் இருக்கவில்லை. இருவருக்கான உணவு வைத்திருப்பவர் மூன்றாவதாக ஒருவரையும், நால்வருக்கு வைத்திருப்பவர் ஐந்தாவதாக ஒருவரையும் அழைத்துச் செல்லட்டும் என்று நபியவர்கள் கூறினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் மூவரை வீட்டுக்கு அழைத்துச் சென்றதும், நபியவர்கள் பத்துப் பேரை அழைத்துச் சென்றதும் புகாரி நூலில் பதிவாகியுள்ளன. படிக்க வந்தவருக்குத் தங்க இடம் கொடுத்தது பள்ளிவாசல். உணவு கொடுத்தவை ஊரின் வீடுகள்.

பிற்காலத்திலும் இம்மரபு தொடர்ந்தது. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் மொரோக்கோ, சிரியா, துருக்கி, ஜாவா என்று அந்தந்த நாட்டு மாணவர்களுக்கென ரிவாக் எனப்படும் தங்குமிடங்கள் இருந்தன. வக்ஃபு வருமானத்திலிருந்து அவர்களுக்கு ரொட்டி வழங்கப்பட்டது. நமக்கு அண்மையிலுள்ள மலபாரில், பொன்னானி போன்ற ஊர்களின் பள்ளி தர்ஸுகளில் ஓதிய மாணவர்களுக்கு மஹல்லாவின் வீடுகளே முறைவைத்து உணவளித்தன. நவீனக் கல்விக்கும் இதே சிந்தனை துணை நின்றது. ஸர் ஸையித் அஹ்மத் கான் 1875-இல் அலிகரில் தொடங்கிய கல்விக்கூடம், மாணவர்கள் உடன் தங்கி, உடன் உண்டு வளரும் இடமாகவே திட்டமிடப்பட்டது. அதுவே 1920-இல் பல்கலைக்கழகமாயிற்று. விடுதி வாழ்வு தீனுக்கு எதிரானது என்றால் நம் வரலாற்றில் பெரும் பகுதி நமக்கே விளங்காமற் போகும்.

தட்டில் வரும் உணவு

விடுதிக்குச் செல்லும் பிள்ளைக்கு முதல் வாரத்தில் எழும் சிக்கல் உணவு. சில கல்வி நிறுவனங்களின் உணவுக்கூடங்களில் சைவம் மட்டுமே கிடைக்கும். சிலவற்றில் அசைவமும் உண்டு. சைவ உணவுக்கூடத்தில் நம் பிள்ளைக்கு மார்க்கச் சிக்கல் ஏதும் இல்லை. நாவுக்குப் பழக்கமில்லை என்பதே அங்குள்ள குறை. நபியவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கின்றார்கள். திண்ணையில் பசித்திருந்த ஒருவர் சொன்ன செய்தி இது என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம்.

அசைவம் வழங்கும் இடத்தில் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: இறைச்சி எங்கே வாங்கப்படுகின்றது, யார் அறுக்கின்றார்கள்? இதைக் காப்பாளரிடமோ உணவுக்கூடப் பொறுப்பாளரிடமோ பணிவுடன் கேட்பதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை. நல்ல விடை கிடைத்தால் மகிழ்ச்சி. ஐயம் தீராவிட்டால், ஐயத்துக்கு இடமானதை விட்டு ஐயமற்றதைக் கொள்ளும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. முட்டையும் மீனும் பருப்பும் காய்கறியும் இருக்கும்போது உடலுக்குக் குறை வராது. மீனுக்கு அறுப்பு நிபந்தனை இல்லை என்பது வீட்டில் எல்லாமே ஆயத்தமாகக் கிடைத்துப் பழகிய பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஹலால் என்பதன் பொருளை, வீட்டை விட்டு அனுப்பும் முன் பிள்ளைக்கு அமர்ந்து விளக்குவது நம் கடமை.

அருகில் இருக்கும் தோழர்

அந்நிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனத்தில் நாம் நன்மை செய்ய வேண்டியவர்களை அல்லாஹ் வரிசைப்படுத்துகின்றான். பெற்றோர், உறவினர், அநாதைகள், வறியவர், அண்டை வீட்டார் ஆகியோருடன், பக்கத்தில் இருக்கும் தோழரும் அங்கே குறிப்பிடப்படுகின்றார். பயணத்தில் உடன் வருபவர், தொழிலிலும் கல்வியிலும் உடன் இருப்பவர் என விரிவுரையாளர்கள் இதற்குப் பொருள் கூறியுள்ளனர். ஒரே அறையில் உறங்கி எழும் தோழரைவிட அச்சொல்லுக்குப் பொருத்தமானவர் யார்?

அவர் எந்தச் சமயத்தவராயினும் அவருக்கு நம் பிள்ளையின் மீது உரிமை உண்டு. அதிகாலைத் தொழுகைக்கு எழும்போது அவர் உறக்கம் கெடாதபடி விளக்கைப் பயன்படுத்துவது, அவர் நம்பிக்கையை இழித்துப் பேசாதிருப்பது, காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வாங்கிக் கொடுப்பது ஆகிய யாவும் அவ்வுரிமையில் அடங்கும். பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்ட உம்மத் நாம். அறையின் தூய்மையான ஒரு மூலையும் ஒரு விரிப்பும் போதும். ஐவேளையும் அமைதியாகத் தொழும் பிள்ளையை உடன் இருப்பவர்கள் மதிக்கவே செய்வார்கள்.

பெற்றோர் கேட்டறிய வேண்டியவை

துஆவுடன் அனுப்புவது போலவே விசாரித்து அனுப்புவதும் வேண்டும். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. அதன் விளைவாகவே 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி அளிக்க வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். முதலாண்டு மாணவர்களுக்குத் தனிக் கட்டடம் உண்டா என்று கேளுங்கள். 1800-180-5522 என்ற கட்டணமில்லா உதவி எண்ணைப் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து கொடுங்கள்.

வளாகத்தில் இடம் கிடைக்காமல் மகளைத் தனியார் விடுதியில் சேர்ப்பதாயின், 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அவ்விடுதி உரிமம் பெற்றுள்ளதா என்று பாருங்கள். குறைந்த கட்டணத்தையும் அழகிய முகப்பையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

செலவுக்கு அஞ்சும் குடும்பங்கள், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறைகளின் அரசு விடுதிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறியலாம். தங்குவதற்கும் உணவுக்கும் அங்கே கட்டணம் இல்லை. வருமான வரம்பு உண்டு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி மாணவியருக்குப் பொருந்தாது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகின்றது. கேட்டால் கிடைக்கும் உரிமையைக் கேளாமல் விட்டுவிட்டு, வறுமையால் படிக்கவில்லை என்று சொல்வது முறையாகாது.

ஜமாஅத் செய்யத்தக்கவை

இனி, பிள்ளைகள் வந்து தங்கும் ஊரின் பொறுப்புக்கு வருவோம். கல்லூரிகளுக்கு அருகிலுள்ள நம் ஜமாஅத்துகள் பெரும் பணம் திரட்டாமலேயே சில பணிகளைச் செய்ய இயலும்.

முதலாவது, அறிமுகம். கல்வியாண்டு தொடங்கியதும் வரும் முதல் ஜும்ஆக்களில், வெளியூர் மாணவர்கள் தொழுகைக்குப் பின் தம்மைச் சந்திக்கலாம் என்று இமாம் அறிவிக்கலாம். இமாமின் எண்ணும், பொறுப்பான இரண்டு குடும்பங்களின் எண்களும் அவர்களிடம் இருக்கட்டும். மாணவியருக்கென நம் பெண்களில் இருவர் பொறுப்பேற்கட்டும். நள்ளிரவில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தாயைவிட இந்த எண் விரைவில் உதவும்.

இரண்டாவது, விருந்து. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வீட்டுக்கு ஒரு மாணவர் அல்லது இருவர் என அழைப்போம். சமைத்திருப்பதில் ஒரு பங்கு போதும். பெருநாளன்று ஊருக்குச் செல்ல இயலாத பிள்ளை உணவுக்கூடத்தில் தனியே அமர்ந்து உண்ணும் நிலை நம் ஊரில் இருக்கக் கூடாது.

மூன்றாவது, ரமளான். வரும் சில ஆண்டுகளில் ரமளான் பிப்ரவரி, ஜனவரி மாதங்களில், அதாவது கல்லூரி நடக்கும் நாட்களிலேயே வருகின்றது. ஸஹர் நேரத்தில் எந்த உணவுக்கூடமும் தானாகத் திறந்திருக்காது. அறையில் சமைப்பதற்கும் மின்கெட்டில் வைப்பதற்கும் விடுதிகள் பெரும்பாலும் தடை விதிக்கின்றன. ஆகவே ஒரு மாதம் முன்னதாகவே, மாணவர்கள் ஒன்றுசேர்ந்து காப்பாளருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். இரவு உணவையோ ரொட்டி, பழம், முட்டையையோ பெட்டியில் கட்டித் தர முடியுமா என்று கேட்கலாம். இயலாது என்றால் ஜமாஅத் அப்பொறுப்பை ஏற்கட்டும். மாலையில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் ஒரு தூக்குவாளி, நிர்வாகத்தின் அனுமதியுடன் விடுதி வாயிலுக்குச் செல்லட்டும். அறைத்தோழர்களுக்கும் சேர்த்தே அனுப்புவோம். நம் மார்க்கத்தைப் பற்றி அவர்கள் கேட்டறிந்த எத்தனையோ செய்திகளைவிட அந்தக் கஞ்சி அவர்கள் நினைவில் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை

இவ்வளவும் சொன்ன பின் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பொறுப்பு வேறு, வேவு வேறு. அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்திருக்கின்றான். வெளியூர்ப் பெண் யாருடன் பேசினாள், எந்தக் கடையில் நின்றாள் என்று குறித்து வைத்து அவள் ஊருக்குச் செய்தி அனுப்புவதற்காக நாம் இப்பணியைச் செய்வோமாயின், அதைச் செய்யாமலிருப்பதே மேல். ஒருமுறை அவ்வாறு நேர்ந்தால், எந்தப் பிள்ளையும் நம் வாசலை மீண்டும் மிதிக்காது. பெண்பிள்ளைகளின் படிப்பைத் தடுக்கக் காரணம் தேடுவோருக்கும் அது வசதியாகிவிடும். "சாப்பிட்டாயா? உடல் நலமா? ஏதேனும் வேண்டுமா?" என்பதோடு நம் விசாரணை நிற்கட்டும். அன்பு காட்டும் இடத்துக்குப் பிள்ளைகள் தாமாக வருவார்கள். வந்தால் பள்ளிவாசலுக்கும் வருவார்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகளுக்குக் கிடைத்த இடம் அல்லாஹ் அளித்த வாய்ப்பு. விசாரியுங்கள், கற்பியுங்கள், துஆச் செய்து அனுப்புங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, உங்கள் ஊருக்கு வந்திருக்கும் பிள்ளை அல்லாஹ் அனுப்பிய விருந்தாளி. நம் வட்டாரத்தில் ஒரு பள்ளிவாசல் இப்பணியைத் தொடங்கினாலும் தொலைவிலுள்ள ஒரு வீட்டில் ஒரு தாய் நிம்மதியாக உறங்குவாள். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளை தங்கியிருக்கும் ஊரிலும் அவனுக்கென ஒரு வாசல் திறக்கும்.

வீட்டை விட்டுக் கல்வி தேடிச் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் அனைவரின் ஈமானையும் உடல்நலத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.