பிச்சையல்ல, பாக்கி!

கனடாவின் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது நிலம் மட்டுமல்ல, அவர்களுடைய வைத்தியமும்தான். ஊர் கூடும் சடங்கும் பிணி தீர்க்கும் முறையும் அவர்களிடம் ஒன்றோடொன்று பின்னியவை. மேற்குக் கரை மக்களின் பொட்லாட்ச் விழாவை 1884-ல் சட்டம் போட்டுத் தடுத்தது சர்க்கார். 1951 வரை தடை நீடித்தது. 1,50,000 குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி! பாட்டியின் பச்சிலை அறிவு பேரனுக்கு எப்படிச் சேரும்?

இந்தக் காயத்தை ஆற்றவென்று 1998-ல் 35 கோடி டாலரில் பூர்வகுடிகள் நலமீட்பு நிதியம் எழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்நின்றார்கள். வியர்வைக் குடிலும், வட்டமாய் அமர்ந்து மனப்பாரம் இறக்கும் கூட்டமும் அந்த நிதியால் நடந்தன. 2010-ல் சர்க்கார் கையை விரித்தது. 2014-ல் நிதியம் மூடப்பட்டது. நூறாண்டுக் காயத்துக்குப் பத்துப் பன்னிரண்டாண்டு மருந்து போதுமா?

இந்த வைத்திய முறைகளை அங்கீகரிக்க வேண்டுமென்று 2015-ல் உண்மை, நல்லிணக்க ஆணையம் கூறியது. வெறும் அங்கீகாரம் நோய் தீர்க்காது. ஆஸ்பத்திரி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். நிதி நிரந்தரமாக வேண்டும். நிர்வாகம் அந்த மக்களின் கையில் இருக்க வேண்டும்.

தோழர்களே! கூலிப் பாக்கியைக் கேட்பது பிச்சையா? பறித்தவன் திருப்பித் தருவது தர்மமல்ல, கடன்!