சிப்பியா குற்றவாளி?

"சிப்பியிலே பாதரசம், இறாலிலே பாதரசம், உண்ணாதீர்!" என்று அச்சமூட்டுகிறார்கள் சிலர். நீரிலே நஞ்சைக் கலந்தவன் யார் என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

ஜப்பானிலே மினமாட்டா என்றொரு விரிகுடா. அதன் கரையிலிருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலை 1932 முதல் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. சிப்பியிலும் மீனிலும் நஞ்சு ஏறிற்று. அவற்றை உண்ட மீனவர் குடும்பங்களுக்குக் கை கால் நடுங்கிற்று, பார்வை குறுகிற்று, பேச்சு குழறிற்று. கருவிலிருந்த குழந்தையும் தப்பவில்லை. 1956-ல் நோய் வெளிப்பட்டது. 1959-ல் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாதரசமே காரணம் என்றனர். ஆலையோ 1968 வரை கழிவை விட்டது! அந்த உற்பத்தி முறை பழசாகிக் கைவிடப்பட்ட பிறகே அரசு உண்மையை ஒப்புக்கொண்டது.

பண்ணை இறாலிலும் சிப்பியிலும் பொதுவாகப் பாதரசம் குறைவு. சுறா போன்ற பெரிய மீன்களில்தான் அதிகம். கருவுற்ற தாய்மார்கள் அப்பெரிய மீன்களைத் தவிர்ப்பது நலம். ஆனால் பண்ணைக்கு வரும் நீரே நஞ்சானால்? கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

ஆகவே காவல் வேண்டிய இடம் அடுக்களையன்று, ஆலையின் கழிவு வாய்க்கால்! பண்ணை நீரையும் விளைச்சலையும் அரசு சோதிக்கட்டும். முடிவை மக்கள் முன் வைக்கட்டும். கூலிக்காசில் வாங்கும் உணவிலே நஞ்சுண்டா என்று அறியும் உரிமை உழைப்பவனுக்கு உண்டு. அது சலுகையன்று, தோழர்களே!