வீடு விற்பனையில் டிடிஎஸ்: சகோதரியின் பங்கு குறையலாமா?

திருத்தணியில் வசிக்கும் பலருக்கு எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர் பக்கமும் சொத்து இருப்பதுண்டு. முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் கிரயத்தின்போது பிடிக்கப்படும் டிடிஎஸ் மத்திய அரசின் வருமான வரியைச் சேர்ந்தது. எந்தப் பக்கம் விற்றாலும் விதி ஒன்றுதான்.

50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் விலை போகும் வீடு, மனைக்கு வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூன் 1 முதல் உள்ளது. கிராமப்புற விவசாய நிலத்துக்கு இது இல்லை. வாரிசுகள் பலர் சேர்ந்து விற்கும்போது, ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் குறைவு என்று சொல்லிப் பலரும் பிடிக்காமல் விட்டனர். 2024 அக்டோபர் 1 முதல் அந்த வழி அடைபட்டது. இப்போது மொத்த விலைதான் கணக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டனர். கடன், வஸிய்யத் எதுவும் இல்லை. வீடு 90 லட்சத்துக்கு விலை போகிறது. வாரிசுகள் இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். ஷரீஅத்படி மகனுக்கு 30 லட்சம், மகளுக்கு 15 லட்சம். ஊரில் இருக்கும் மகனுக்கு 30,000 ரூபாயும், மகள்களுக்குத் தலா 15,000 ரூபாயும் பிடிப்பார்கள்.

இன்னொரு மகன் துபாயில் வேலை செய்யும் என்ஆர்ஐ. அவருக்கு விதி வேறு, 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் உண்டு. குறைவாகப் பிடிக்க வருமான வரித்துறையில் முன்கூட்டியே சான்று வாங்காவிட்டால், வாங்குபவர் பெரும்பாலும் பங்கு முழுவதற்கும் பிடித்துவிடுவார். அது 3,90,000 ரூபாய்.

தவறு நடப்பது இங்கேதான். மொத்தப் பிடித்தம் 4,50,000 ரூபாய். அதைக் கழித்து மிச்சமுள்ள 85,50,000 ரூபாயைப் பங்கு வைத்தால் சகோதரிக்கு 14,25,000 ரூபாய்தான் கிடைக்கும். அவருக்குச் சேர வேண்டியதோ 14,85,000 ரூபாய். 60,000 ரூபாய் குறைந்துவிட்டது! துபாய் சகோதரர் பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்ட் பெற்றால், அது அவர் கணக்குக்கு மட்டுமே போகும். சகோதரியின் ஹக் அங்கே போய்விடுகிறது. யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை, ஆனாலும் அது அவருடைய பணம்.

எனவே முதலில் பங்கைப் பிரியுங்கள். பிறகு அவரவர் பிடித்தத்தை அவரவர் பங்கிலேயே கழியுங்கள்.

இன்னொன்று, நம் வீட்டுப் பெண்கள் பலரிடம் பான் அட்டை இல்லை. பான் இல்லாவிட்டாலோ, ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்திருந்தாலோ 20 சதவீதம் பிடிப்பார்கள். 15,000 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 3 லட்சம் போகும்.

பிடித்த பணம் முழுவதும் வரியாகிவிடாது. உண்மையான வரி அதைவிடக் குறைந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்தவருக்கு மீதி திரும்ப வரும். அட்வான்ஸ் வாங்கும் முன்பே ஓர் ஆடிட்டரிடம் அமர்ந்து, ஒவ்வொரு வாரிசுக்கும் தனிக் கணக்கு எழுதி, சகோதரிகளுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வாரிசுரிமைப் பங்குகளை நிர்ணயித்தவன் அல்லாஹ். அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் நாம் பதில் சொல்ல வேண்டும்.