எல்லாத் தொல்லைக்கும் ஒரே பெயரா?

தலைநகரில் வளரும் நம் பிள்ளைகளின் பேச்சில் ‘ஹேஸில்’ என்ற ஆங்கிலச் சொல் படாத பாடு படுகிறது. வங்கிக்குப் போவது ஹேஸில். வீடு மாற்றுவது ஹேஸில். முப்பது மணி நேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து சென்னைக்குப் போய்ப் பாட்டியைப் பார்ப்பதும் ஹேஸில்! முதல் இரண்டைப் பற்றி எனக்கு வழக்கில்லை. மூன்றாவதில்தான் என் ஆட்சேபணை.

இந்தச் சொல் 1940களில் அமெரிக்காவில் பரவிய கொச்சைச் சொல். முதலில் வாய்ச்சண்டை, தகராறு என்ற பொருளில் வழங்கி, பிறகு எந்தத் தொந்தரவுக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. பேச்சு வழக்குக்கு அது வசதியான சொல்தான். இந்திக்காரர் ‘ஜஞ்ஜட்’ என்றும், வங்காளி ‘ஜாமேலா’ என்றும், மராட்டியர் ‘த்ராஸ்’ என்றும் அலுத்துக்கொள்வதைப் போன்றதே இதுவும். அலுத்துக்கொள்வதற்கு ஒரு சொல் எல்லோருக்கும் வேண்டும்.

ஆனால் தமிழில் நாம் தொல்லைகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறோம். ‘அலைச்சல்’ என்றால் நான் பட்டது. ‘அலைக்கழிப்பு’ என்றால் இன்னொருவர் என்னைப் படுத்தியது. பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினைதான். ‘நச்சரிப்பு’ ஓயாமல் வாயால் வருவது. ‘இழுபறி’ முடிவு காணாமல் நீளுவது. இவற்றுக்கெல்லாம் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது ‘மெனக்கெடல்’. வினை கெடுதல் என்பதே பேச்சில் மெனக்கெடல் ஆயிற்று என்பார்கள். நம் வேலையைக் கெடுத்துக்கொண்டு பிறருக்காக ஒன்றைச் செய்வது அது. நமக்காக ஒருவர் மெனக்கெட்டால் நன்றி சொல்கிறோம். அலைக்கழித்தால் புகார் எழுதுகிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், நன்றி சொல்ல வேண்டிய இடமும் புகார் எழுத வேண்டிய இடமும் குழம்பிப் போகும்.

விளம்பரங்களில் வரும் ‘ஹேஸில் ஃப்ரீ’ இதைவிட விஷமமானது. யாருக்குத் தொல்லை இல்லை என்பதை அது சொல்வதில்லை. ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். 2014 நவம்பரில் ‘ஜீவன் பிரமாண்’ வந்தபின், பலருக்கு அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் காலமெல்லாம் சம்மட்டி பிடித்துத் தண்டவாளத்தில் உழைத்தவரின் விரல் ரேகை தேய்ந்திருக்கும். கருவி அதை ஏற்க மறுக்கும். 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டே அடையாளம் காணும் முறை வந்தது. நல்லதுதான். அதற்கும் கைபேசி வேண்டும், அதை இயக்கிக் காட்ட ஒரு பேரனும் வேண்டும். அலுவலகத்தில் குறைந்த வேலை வீட்டுக்கு வந்துவிட்டது. பளுவைத் தாங்கும் தூணை எடுத்தால் பளு மறைந்துவிடாது, அடுத்த தூணில் ஏறும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ‘தொல்லையே இல்லை’ என்று யாராவது சொன்னால், அது இப்போது யார் தலையில் ஏறியிருக்கிறது என்று கேட்பது நம் உரிமை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அந்த மொழியில்தான் நம்மில் பலருக்குச் சோறு கிடைத்தது. புகார் எழுதும்போது மட்டுமாவது, எத்தனை முறை வரச்சொன்னார்கள், எந்தக் காகிதத்தைத் திருப்பிக் கேட்டார்கள் என்று விவரமாக எழுதுங்கள். ‘ஹேஸில்’ என்று மொத்தமாக எழுதினால், பதில் சொல்ல வேண்டியவர் சுலபமாக நழுவிவிடுவார்.

வீட்டில் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுப்பதும் நம் கடமை. வரிசையில் வீணாக நிற்பது தொல்லை. பாட்டியைப் பார்க்க இவ்வளவு தூரம் போவது மெனக்கெடல். பிந்தியதைத் தொல்லை என்று பழகிய பிள்ளை, நாளை நம்மைப் பார்க்க வருவதையும் அந்தக் கணக்கில்தான் எழுதும்.