அவன் பணத்தை நிறுத்தினால் நமக்கென்ன?

"அமெரிக்கா உதவியை நிறுத்தி விட்டதாம், நிறுத்தட்டுமே! அவன் காசு இல்லாமல் நாம் வாழ முடியாதா?" என்று கடைவீதியில் பேசிக் கொள்கிறார்கள். சகோதரர்களே, அவசரப்படாதீர்கள்!

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் முடக்கியது. ஜூலையில் யு.எஸ்.எய்டு நிறுவனமே மூடப்பட்டது. காசநோய் ஒழிப்புக்கு மற்றெந்த நாட்டையும் விட அதிகம் கொடுத்து வந்த நாடு அது. 27 நாடுகளில் காசநோய்ப் பணி நிலைகுலைகிறது என்று மார்ச் மாதமே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. ஆப்பிரிக்க ஏழைகளுக்குத்தான் பெரிய அடி.

இந்நோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். இருமல் முன்பே நின்று விடும், கிருமி சாகாது. மருந்து பாதியில் நின்றால் அதே கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறி, மூச்சுக் காற்றிலேயே அடுத்தவரைத் தொற்றும். எந்த ஊரில் பணம் நின்றது என்று அது பார்க்குமா?

நம் நாட்டில் பெரும்பகுதிச் செலவு நம் வரிப்பணம்தான். ஆனாலும் பழைய கணக்கை மறைக்கக் கூடாது. 1956ல் வெளிநாட்டு உதவியோடு சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான், சானடோரியம் போகாமல் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது. 1968ல் நமது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பி.சி.ஜி. ஊசி ஆய்வு நடந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான உண்மையும் தெரிய வந்தது. 1997ல் வந்த உலக வங்கிப் பணமோ தானமல்ல, கடன்!

சரி, அமெரிக்காவைத் திட்டியாயிற்று. பட்டு வியாபாரிகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். பாவும் சரிகையும் வாங்கி நெய்யும் நெசவாளி நோயில் படுத்தால் அவனுக்குக் கூலி உண்டா? சேலை வராவிட்டால் காசும் வராது. நோயாளியின் சத்துணவுக்கு அரசு தருவது 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். அதில் முட்டையும் பருப்பும் வாங்குவானா, பிள்ளைகளுக்கு அரிசி வாங்குவானா? பெண்ணுக்கு வரன் தட்டிப் போகுமே என்று நோயை மறைக்கும் வீடுகள் வேறு!

2023ல் ஜார்க்கண்ட் ஆய்வொன்று, நோயாளி வீட்டாருக்கு நல்ல உணவு கொடுத்தாலே அவர்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று காட்டியிருக்கிறது. நோயாளிகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் பொறுப்பைத் தனியாரும் சங்கங்களும் ஏற்க அரசின் திட்டம் இருக்கிறது. இளைஞர்களே, இரண்டு வாரம் இருமுகிறவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், சளிப் பரிசோதனை இலவசம். வியாபாரிகளே, ஆளுக்கு ஒரு குடும்பம், ஆறு மாதம். இந்த ஜும்ஆவுக்குள் யார் யார் பெயர் தருகிறீர்கள்?